வாளியெல்லாம் வந்தாயிற்று

டேலியாப் பூவை வெயில் ஏறுவதற்குள் வெட்டிவிட வேண்டும். மத்தியானத்துக்குமேல் வெட்டினால் வீடு போய்ச் சேர்வதற்குள் தலை தொங்கிவிடும். எவ்வளவு தண்ணீரில் வைத்தாலும் நிமிராது. உங்கள் அம்மாவிடம் இதை எத்தனை வருஷமாகச் சொல்லி வருகிறேன் தெரியுமா, தம்பி? இன்றுவரை சாப்பிட்டு முடித்து, ஆடி அசைந்து, வெயில் மண்டையைப் பிளக்கும்போதுதான் தோட்டத்துக்கு வருவாள் வாண்டா. அடுத்த ஞாயிறு தேவாலய வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் பூவுக்கு ஆயுசே இல்லடி வெல்மா" என்பாள். நானும் சிரித்துவைப்பேன்.

காபி ஆறுகிறது, குடியுங்கள். சீருடையோடு வந்திருப்பதால்தான் 'நீங்கள்' என்கிறேன். மற்றபடி, எங்கள் வேலியில் கால்சட்டை மாட்டிக்கொண்டு கத்திய அதே கேலப்தான் நீங்கள் என்பதை நான் மறக்கவில்லை. ஷெரிஃப் அலுவலகத்தில் வேலை கிடைத்தபோது உங்களுக்கு ஒரு கொத்துப் பூ அனுப்பினேன். காலையில் வெட்டிய பூ.

என் கணவருடைய குளிர் ஜாக்கெட்டைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். சின்ன விஷயம்தான் என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தீர்கள். சின்ன விஷயம் இல்லை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் ஜாக்கெட்டிலிருந்து ஆரம்பித்தால் எல்லாம் தலைகீழாகப் போய்விடும். வாளியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். எழுதுகிற காகிதத்துக்கு எதுவும் தெரியாது அல்லவா?

என் கணவர் பெயர் ஆர்வில் ட்வீட். இந்த மலைச்சரிவில் நானும் அவருமாகப் பூந்தோட்டம் போட்டோம். ஆரம்பத்தில் பூவை நாங்களே வெட்டிக் கடைக்குப் போட்டுவந்தோம். பிறகு, வருகிறவர்களே வெட்டிக்கொள்ளட்டும் என்று வாசலைத் திறந்துவிட்டோம். வருகிறவர்கள் ஆளுக்கொரு தகர வாளியும் கத்தரியும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போய், வேண்டியதை வெட்டி நிரப்பிக்கொண்டு, கீழே கொட்டகையில் காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டு போவார்கள். அதோ ஜன்னல் வழியாகத் தெரிகிறதே, அது கீழ்வயல். அதற்கு அப்பால் நடுவயல். மேல்மேடு இங்கிருந்து தெரியாது. ஓடையைத் தாண்டி, மரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கிருந்து கூப்பிட்டால் வீட்டில் கேட்காது. ஓடைச் சத்தம் விழுங்கிவிடும்.

இந்த ஓடைச் சத்தத்தால்தான் வாளிக்கு எண் வந்தது. எங்கள் மகள் டெஸ்ஸா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். ஒருநாள் மழை மூட்டம். எல்லாரும் போய்விட்டார்கள் என்று வாசலைப் பூட்டிவிட்டு நாங்கள் தேவாலய விருந்துக்குப் போய்விட்டோம். திரும்பி வந்தால் மேல்மேட்டில் ஒரு பெண். கடலோரத்திலிருந்து வந்தவள். இருட்டில் வழி தெரியாமல், தொப்பலாக நனைந்து, பூ நிறைந்த வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். ஆர்வில் அவளுக்குப் போர்வை போர்த்தி, தானே வண்டியோட்டிப் போய் விடுதியில் விட்டுவந்தார். அன்றிரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"ஆள எண்ணினா தப்பு வருது வெல்மா. இனிமே வாளிய எண்ணுவோம்" என்றார்.

மறுநாளே கொட்டகைச் சுவர் முழுக்க வரிசையாகக் கொக்கி அடித்தார். ஒவ்வொரு வாளிக்கும் எண் எழுதினார். ஒன்றாம் எண் அவருடையது, இரண்டாவது என்னுடையது. நாங்களே வயலுக்குள் போனாலும் எங்கள் வாளியை எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். சாயங்காலம் கொக்கியெல்லாம் நிறைந்திருந்தால் வயலில் யாரும் இல்லை, வாசலைப் பூட்டலாம். ஒரு கொக்கி காலியாக இருந்தால் விளக்கை எடுத்துக்கொண்டு மலை ஏற வேண்டும். அதற்குப் பிறகு ஒருவரைக்கூட நாங்கள் தவறவிட்டதில்லை. யாரும் யாரையும், "உள்ளே யார் இருக்காங்க?" என்று கேட்டதே கிடையாது. கொக்கியைப் பார்ப்போம், அவ்வளவுதான்.

இப்போது அவருடைய மறதி நோயைப் பற்றிச் சொல்கிறேன். நீளமாகச் சொல்லமாட்டேன். இந்த வட்டாரத்தில் பாதி வீடுகளில் அந்தக் கதை ஓடுகிறது. முதலில் சாவி மறந்தது, பிறகு வழி, பிறகு ஆட்கள். டெஸ்ஸாவின் பெயர் மட்டும் கடைசிவரை இருந்தது. பூக்களின் பெயர் ஒன்றுகூடப் போகவில்லை. எந்தப் பாத்தியில் எந்த டேலியாக் கிழங்கு, அதை யாரிடமிருந்து வாங்கினோம், எந்த வருஷம் அழுகியது, எல்லாம் ஒப்பிப்பார். என் பெயர் போய் ஒரு வருஷத்துக்குமேல் ஆகிறது.

முரட்டுத்தனம் கிடையாது. அடிக்க வந்தார், கத்தினார் என்று நான் சொன்னால் அது பொய். என்னிடம் மரியாதையாக இருந்தார். அதுதான். காலையில் நான் சமையலறைக்குள் வந்தால் எழுந்து நிற்பார்.

"வாங்க மேடம். முதல் தடவையா நம்ம தோட்டத்துக்கு?"

பிறகு கொட்டகைக்குக் கூட்டிப்போய் எனக்கு வாளி எடுத்துக் கொடுப்பார். "இந்தாங்க. அடியில கொஞ்சம் தண்ணி இருக்கு, கொட்டிடாதீங்க. தண்டை நீளமா வெட்டுங்க, பயப்படாதீங்க. வெட்ட வெட்டத்தான் பூக்கும். போகும்போது வாளிய அதே கொக்கியில மாட்டிடுங்க. மாட்டலன்னா, ராத்திரி பூரா உங்களத் தேடி நான் மலை ஏறணும். எனக்கு முட்டி வலி வேற."

அந்த முட்டி வலி நகைச்சுவை நான் சொல்லிக்கொடுத்தது. வருகிறவர்கள் சிரிப்பார்கள், வாளியையும் மறக்கமாட்டார்கள் என்று சொன்னேன். நானே ஒவ்வொரு நாளும் சிரித்தேன். என் இடத்துக்கு நானே விருந்தாளியாக வந்து, என் பூவை எப்படி வெட்டுவது என்று கேட்டுக்கொண்டேன். ஒருமுறை, "நான்தான்பா வெல்மா" என்று சொல்லிப்பார்த்தேன். "ரொம்ப சந்தோஷம் வெல்மா மேடம்" என்று கைகுலுக்கினார்.

படுக்கையும் பிரிந்தது. ஒரு ராத்திரி விழித்துப் பார்த்துவிட்டு, எழுந்து, முதுகைத் திருப்பிக்கொண்டு, "மேடம், நீங்க அறை மாறி வந்துட்டீங்கபோல. நான் கல்யாணமானவன்" என்றார். அதற்குப் பிறகு சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் அவருக்குப் படுக்கை போட்டேன்.

யாராவது கேட்டால், வெல்மா களைத்துப்போய்ச் செய்துவிட்டாள் என்று சொல்லிவிடாதீர்கள். போதகர் அப்படித்தான் சொல்லப்போகிறார். எனக்குக் களைப்பு இல்லை. எனக்கு நல்ல உடம்பு. சமைத்தேன், குளிப்பாட்டினேன், சவரம் செய்துவிட்டேன், கிழங்கு நட்டேன், கொட்டகையில் நின்றேன். இன்னும் பத்து வருஷம் செய்திருப்பேன்.

ஒன்று மட்டும் அவரிடம் நடக்காது. உட்காரவைக்க முடியாது. காலையில் வயலில் இறங்கினால் பொழுது சாயும்வரை நின்றபடிதான். மருமகன் பிராடி அங்கங்கே ஆப்பிள் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுவைப்பான்.

"கொஞ்சம் உட்காருங்க மாமா. நீங்க நிக்கறதப் பார்த்து எனக்குக் கால் வலிக்குது."

"ஆளுங்க வந்திருக்கும்போது தோட்டக்காரன் உட்காரலாமாடா?" என்பார். டாக்டர் சொல்லிப்பார்த்தார், வீட்டுக்கு வரும் நர்ஸ் சொல்லிப்பார்த்தாள், டெஸ்ஸா கெஞ்சிப்பார்த்தாள். நல்லாயிருந்த காலத்தில் நான் சொன்னால் மட்டும் உட்காருவார். அதுவும் முணுமுணுத்துக்கொண்டு.

இனி அந்த நாள். அன்று நீங்கள் வேலையில் இருந்தீர்கள், உங்கள் அம்மா இருந்தாள்.

ராத்திரி உறைபனி விழும் என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள். முதல் பனி விழுகிற அன்று நாங்கள் வாசலில் வெள்ளைத் துணி கட்டுவோம். எப்படியும் விடிவதற்குள் கருகப்போகிற பூ. அக்கம்பக்கம் எல்லாரும் வந்து வெட்டிக்கொண்டு போகலாம், காசு கிடையாது. வாண்டா சோள ரொட்டி கொண்டுவந்தாள். நான் பெரிய பானையில் பீன்ஸ் வேகவைத்திருந்தேன். கூட்டம் திருவிழா மாதிரி இருந்தது. எங்கள் இரண்டு வாளியைத் தவிர, கொக்கியில் ஒரு வாளி மிச்சமில்லை.

ஆர்வில் நீல ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றார். அவருக்கு அன்று ஒரே உற்சாகம். நான் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். எல்லார் முன்னாலும் என் கையில் வாளியைக் கொடுத்து, முதல் தடவையா மேடம் என்று ஆரம்பித்தார். முட்டி வலிவரைக்கும் விடாமல் சொன்னார். கூட்டம் சிரித்தது. கேலியாக இல்லை, பாசமாகத்தான். எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

உங்கள் அம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது அல்லவா? "ஏன் ஆர்வில், எல்லாருக்கும் வாளி கொடுக்கறீங்க, உங்க பொண்டாட்டி எங்கே காணோம்?" என்று கேட்டாள். அப்போதுதான், ஜாக்கெட்டோடு அவர் நிற்கிற அந்தப் புகைப்படத்தையும் எடுத்தாள்.

அவர் முகம் மலர்ந்ததை அந்தப் படத்தில் நீங்களே பார்க்கலாம். "இப்ப வந்துடுவா" என்றார். அப்புறம் என்னைப் பார்த்துத் திரும்பினார். "நீங்க இருந்து பார்த்துட்டுத்தான் போகணும் மேடம். உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். இந்தத் தோட்டமே அவ கை. நான் சும்மா நிக்கறவன். அவ வர்றதுக்குள்ள மேல்மேட்டுச் சிவப்பை வெட்டி வைக்கணும். அவளுக்கு அதுதான் பிடிக்கும்."

ஒன்றாம் எண் வாளியை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் போனார்.

எனக்குக் கோபம் வந்தது. மறைக்க என்ன இருக்கிறது? அவர் மனசில் ஒருத்தி இருந்தாள். அவளுக்காக முகம் மலர்ந்தது, அவளுக்காகப் பூ வெட்டப் போனார். அவள் வீட்டில் சமைத்துப்போட்டு, அவளுடைய கணவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவள் நான். அவள் வரப்போவதில்லை. நான் போகப்போவதுமில்லை. பானையைக் கீழே வைத்துவிட்டு எல்லாருக்கும் பீன்ஸ் பரிமாறினேன். உங்கள் அம்மா இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

கூட்டம் கலைந்ததும் சாயங்காலம் டெஸ்ஸா கொட்டகைக்கு எண்ணப் போனாள். அன்று எண்ணுவது அவள் முறை. அவளும் பிராடியும் கீழ்வாசல் பக்கத்துச் சின்ன வீட்டில் இருக்கிறார்கள். எண்ணி, பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நான் இந்தத் தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கொட்டகையிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"ம்மா, வாளியெல்லாம் வந்தாச்சு. அப்பா உள்ளயா?"

"அப்பாவோட வாளி எங்கே இருக்கு?"

"கொக்கியில."

"அப்புறம் என்ன?" என்றேன்.

"சரி, நான் பூட்டறேன். குளுருது. அப்பாவுக்கு ரெண்டு போர்வையாப் போடு."

கவனித்துப் பாருங்கள், நான் அவளிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அவர் உள்ளே இருக்கிறார் என்று நான் சொல்லவே இல்லை.

ஒன்றாம் எண் வாளியைக் கொக்கியில் மாட்டியது நான்.

எழுந்திருக்க வேண்டாம், தம்பி. கைதாகிறவளின் உரிமைகளை வாசித்துக் காட்ட வேண்டும் என்றால் வாசியுங்கள், காத்திருக்கிறேன். கேட்டுக்கொண்டேன், புரிகிறது. வக்கீல் வேண்டாம். நான் எங்கும் போகமாட்டேன். இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது.

ஆட்கள் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில் நான் மேல்மேட்டுக்குப் போனேன். அவரைக் கூட்டிக்கொண்டு வரத்தான் போனேன் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லும்போது அது அவ்வளவு நிச்சயமாகத் தெரியவில்லை. பீன்ஸ் ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போக நினைத்து, எடுக்காமல் போனேன். கூட்டிவரப் போகிறவள் எதற்குக் கிண்ணம் எடுக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம்.

அவர் கருஞ்சிவப்பு டேலியா வரிசையில் நின்று வெட்டிக்கொண்டிருந்தார். வேலை செய்ததில் வியர்த்து, ஜாக்கெட்டைக் கழற்றி வேலிக்கம்பத்தில் மாட்டியிருந்தார். மேற்கே வெளிச்சம் மங்கிவிட்டது. காற்றே இல்லை, காற்றில்லாத அன்றுதான் பனி கடுமையாக விழும். வாளி நிறைந்திருந்தது.

"வாளியக் கொடுங்க, நான் கீழே கொண்டுபோறேன்" என்றேன்.

கொடுத்தார். பிராடி கவிழ்த்துப் போட்டிருந்த ஆப்பிள் பெட்டி ஒன்று அங்கே இருந்தது. அதில் அவரை உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார். நான் வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

ஜாக்கெட்டையும் எடுத்துக்கொண்டேன். அது நல்ல ஜாக்கெட். டெஸ்ஸா கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் கொடுத்தது. பனியில் ராத்திரி முழுக்கக் கிடந்தால் வீணாகிவிடும். எடுத்து வந்து இந்தக் கதவுக்குப் பின்னால் மாட்டினேன். மறுநாள் நீங்கள் வந்தபோது உங்கள் கண் அதில் நின்றது எனக்குத் தெரியும். துக்க வீட்டில் கேட்க வேண்டாம் என்று பத்து நாள் பொறுத்திருக்கிறீர்கள். நல்ல வளர்ப்பு.

பூவைத் தொட்டித் தண்ணீருக்கு மாற்றினேன். வாளியைக் கழுவித் துடைத்துக் கொக்கியில் மாட்டினேன். அழுக்கு வாளியை மாட்டினால் ஆர்வில்லுக்குப் பிடிக்காது.

அந்த ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன். இதைச் சொன்னால் உங்களுக்கு என்மேல் வெறுப்பு வரும். ஆனாலும் கேட்டதற்கெல்லாம் உண்மை சொல்வதென்று உட்கார்ந்திருக்கிறேன். ரொம்ப நாளைக்குப் பிறகு, அடுத்த அறையில் காது வைக்காமல் தூங்கினேன். விடியற்காலையில் ஜன்னலைத் திறந்தால் கீழ்வயல் முழுக்கக் கறுப்பு. உறைபனி பட்ட டேலியா வேகவைத்த கீரை மாதிரி ஆகிவிடும், வாசனையும் அப்படித்தான். அவர் படுக்கையைக் கலைத்துவிட்டு டெஸ்ஸாவைக் கூப்பிட்டேன். அப்பா ராத்திரி எழுந்து எங்கோ போய்விட்டார் என்றேன். அது பொய். இந்த விஷயத்தில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

எல்லாரும் நம்பினார்கள். இந்த நோய்க்காரர்கள் ராத்திரியில் எழுந்து போவது ஊருக்கே தெரிந்த விஷயம். பிராடிதான் மேல்மேட்டில் பார்த்தான். பெட்டிமேல் உட்கார்ந்தபடி, கத்தரி மடியில், கைகளை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு இருந்தாராம். ஓடைப் பாதையில் ஒரு காலடிகூட அவர் எடுத்துவைக்கவில்லை. எழுந்துகூட இருக்கவில்லை என்று பிராடி சொன்னான். சொல்லிவிட்டு அழுதான்.

சவப்பெட்டிமேல் வைத்த கருஞ்சிவப்புப் பூவைப் பார்த்து உங்கள் அம்மா ஆச்சரியப்பட்டாள். "பனியில எல்லாம் கருகிடுச்சே, இது மட்டும் ஏது?" என்று கேட்டாள். பனி விழுவதற்கு முன்னால் வெட்டியது என்றேன். எல்லாம் தலை தொங்கியிருந்தன. மாலையில் வெட்டிய பூ அப்படித்தான் ஆகும். அவருக்கே தெரியும், அவர்தான் எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர். ஆனாலும் எனக்குப் பிடிக்கும் என்று, அவளுக்குப் பிடிக்கும் என்று, வெட்டினார்.

இதையெல்லாம் நான் சொல்லாமலே இருந்திருக்கலாம். ஜாக்கெட்டை அவர் கழற்றி வைத்துவிட்டுத் திரும்ப வெளியே போனார் என்று ஒரு வரி சொன்னால் நீங்கள் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பீர்கள். உங்களுக்கும் அதுதான் நிம்மதி.

ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். மண்வெட்டியோடு குனிந்துகொண்டிருக்கிறாள் அல்லவா, டெஸ்ஸா. பனி விழுந்த பிறகு கிழங்கைச் சில நாள் மண்ணில் விட்டுவைத்துத் தோண்டி எடுப்போம். அவள் விடிவதிலிருந்து இருட்டும்வரை தோண்டுகிறாள். கையெல்லாம் கொப்புளம். சாப்பிடமாட்டேன் என்கிறாள். கொட்டகைக்குப் போய், அந்தச் சுவருக்கு முன்னால் நின்று வாளிகளை எண்ணுகிறாள். எண்ணி முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறாள்.

நேற்று என்னிடம், "வாளியப் பார்த்தேன்மா, அப்பாவப் பார்க்கல. ரெண்டு எட்டு உள்ள வந்து பார்த்திருக்கலாம். நான்தான்மா கொன்னுட்டேன்" என்றாள்.

அவள் சரியாகத்தான் எண்ணினாள். எண்ணுவதை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நான். அவளுக்குத் தப்பு வராது. அதை அவளிடம் நீங்கள் சொல்ல வேண்டும். நான் சொன்னால், அவளைத் தேற்றுவதற்காகச் சொல்கிறேன் என்றுதான் நினைப்பாள். சொன்ன பிறகு அவள் என் முகத்தில் விழிக்கமாட்டாள். அதுவும் எனக்குத் தெரியும். அப்பாவும் போய், அம்மாவும் போய், கிழங்குகளை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள் என்று யோசித்துப் பார்த்தேன். இருந்தாலும் தப்பாக எண்ணினவள் என்ற நினைப்போடு அவள் இருக்கக் கூடாது.

ஆக, ஆர்வில்லைக் கொன்றது நான். கத்தியோ துப்பாக்கியோ இல்லை. உட்காரச் சொன்னேன், வாளியை மாட்டினேன். எங்கள் வீட்டில் அது போதும் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நான் என் கணவரைக் கொல்லவில்லை. என் கணவர் போய் ஒரு வருஷத்துக்குமேல் ஆயிற்று. அங்கே நின்றது என்னை அறியாத ஒரு மனிதர். மரியாதையானவர், பாவம், இருட்டில் வராத ஒருத்திக்காகப் பூ வெட்டிக்கொண்டிருந்தார். இதைத்தான் நான் தினமும் படுக்கும்போது சொல்லிக்கொள்கிறேன். அது சரியாகத்தான் இருக்கிறது. ஒரே ஒரு இடத்தில்தான் கொஞ்சம் இடிக்கிறது.

அவரை உட்காரச் சொன்னேன் என்றேன். என்ன சொன்னேன் என்று சொல்லவில்லை. அவருடைய விருந்தாளி பேசுகிற மாதிரியே பேசினேன். "உங்க மனைவி வந்துட்டே இருக்காங்க. அவங்க வந்து உங்களக் கூட்டிட்டுப் போவாங்க. அதுவரைக்கும் இந்தப் பெட்டிமேல உட்காருங்க, எங்கேயும் போயிடாதீங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு, முட்டியைப் பிடித்துக்கொண்டு, முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"சரி வெல்மா. சீக்கிரம் வந்துடு, குளுருது" என்றார்.

அது வாய்ப்பழக்கம். நாற்பது வருஷம் சொன்ன பெயர், ஏதோ ஒரு மூலையிலிருந்து நழுவி விழுந்திருக்கும். டாக்டரைக் கேளுங்கள், அப்படி நடக்கும் என்பார். நான் அதற்குப் பிறகுதான் ஜாக்கெட்டை எடுத்தேன் என்பதும் உண்மை. எழுதிக்கொள்ளுங்கள். வாளி, ஜாக்கெட், பெட்டி, நான் சொன்ன பொய், தூங்கியது, எல்லாவற்றையும் எழுதுங்கள், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். அவருக்கு என்னைத் தெரிந்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், தம்பி.